கோடு நட்டக்குத்தலா நிக்குதா மாப்ளே?

மாப்ளே, நீ பேக்-மேன் பெட்டி வாங்குன சங்கதி உங்கம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும். ரொம்பச் சந்தோசம்யா. ஊர்ல ஒருத்தன் கையில நாலு காசு சேந்தா நெலம் வாங்குவான், இல்ல பொண்டாட்டி கழுத்துக்கு ஒரு சங்கிலி எடுப்பான். நீ 1980-ல வந்த வெளையாட்டுப் பெட்டிய, அதுலயும் படம் வராத பெட்டியாத் தேடிப் புடிச்சு வாங்கி, கார் செட்டுக்குள்ள கொலுவேத்திட்டு, காரத் தூக்கிப் பனியில நிறுத்தியிருக்க. நம்ம வகையறாவுல இத்தன துணிச்சல் ஒருத்தருக்கும் கெடையாது. உங்கப்பாரு ஒரு டார்ச் லைட்டு வாங்கணும்னாலே கடைவீதிய ரெண்டு சுத்து சுத்துவாரு.

நீ வாட்ஸ்அப்புல அனுப்புன மேனுவலையெல்லாம் டவுனுக்குப் போயி பிரிண்ட் எடுத்துட்டு வந்து, கயித்துக் கட்டில்ல விரிச்சு வெச்சு வாசிச்சேன். டயனோரா, சாலிடேர் டிவி காலத்துலயிருந்து சோல்டரிங் அயன் புடிச்ச கை இது. கடையத்தான் மூடுனேன், கண்ண மூடல. நீ என்னமோ மர்மம்னு நெனைக்கிற அந்தப் பெட்டிக்குள்ள இருக்கறது என்ன? கனடாவுல, ஒண்டாரியோ மாகாணத்துல, கிச்சனர்ங்கிற ஊர்ல இருந்த எலெக்ட்ரோஹோம் கம்பெனியோட ஜி07. 19 இன்ச்சு கலர் மானிட்டர். நம்ம பாஷையில சொன்னா, டியூனரையும் ஐ.எஃப்பையும் கழட்டிப் போட்ட டிவி. கேம் போர்டுலயிருந்து செவப்பு, பச்ச, நீலம் தனித்தனியா வருது. கூட சிங்க் ஒண்ணு, கிரவுண்டு ஒண்ணு. அம்புட்டுத்தான். டிவியில இருக்கற வேலையில பாதிதான் இதுல. ஆனா ஆளத் தூக்கி அடிக்கிற பாதி அதுதான்.

இப்ப உன் வெயாதிக்கு வருவோம். "மாமா, நடுவுல வெளிச்சமா ஒரே ஒரு கோடு நட்டக்குத்தலா நிக்குது. ஹரிசாண்டல் அவுட்டு"ன்னு போன்ல சொன்ன. சொன்னியே, சொல்லிட்டுக் கொஞ்சம் பொறுத்தியா? நான் எச்சிய முழுங்கி வாயத் தொறக்கறதுக்குள்ள ஒரு ஃப்ளைபேக்கு, ஹரிசாண்டல் அவுட்புட் டிரான்சிஸ்டர் மூணு, டிரைவர் டிரான்ஸ்பார்மர் ஒண்ணு, கண்டென்சர் கிட்டு ஒண்ணுன்னு ஆர்டர் போட்டு முடிச்சுட்ட. டாக்டருக்குப் படிச்சிருந்தியானா பல்லு வலின்னு வந்தவனுக்கு முழங்கால மாத்தி அனுப்பியிருப்ப.

அந்தப் பெட்டிய முன்னாடி நின்னு பாத்தியே, பின்னாடி போயி பாத்தியா? பேக்-மேனோட படம் 224 புள்ளி அகலம், 288 புள்ளி ஒசரம். அதுக்காக மானிட்டர அப்படியே 90 டிகிரி திருப்பிப் பக்கவாட்டுல மாட்டியிருக்கான். அப்ப டியூபுக்குப் படுக்கை எதுவோ அது உன் கண்ணுக்கு நட்டக்குத்தல். நட்டக்குத்தலா நிக்கிற கோடு, மானிட்டரக் கேட்டா, படுத்திருக்கற கோடு. படுத்த கோடுன்னா வெர்டிகல் போச்சுன்னு நம்மூர்ல ஸ்குரூ டிரைவர் எடுத்துக் குடுக்கற பொடியன் சொல்லுவான். நீ எம்.எஸ்ஸு படிச்சவன், ஒனக்கு அது எப்படித் தெரியும்?

சரி, அந்தத் திருப்பம்தான் கண்ணுல படல. இன்னொண்ணு இருக்கு பாரு. டியூபு மண்டைக்கு இருபதாயிரம் வோல்ட்டு சொச்சம் எங்கயிருந்து வருது? அதே ஹரிசாண்டல் சர்க்யூட்டுலயிருந்துதான். அவுட்புட் டிரான்சிஸ்டர் வெட்டி வெட்டி விடுறான், ஃப்ளைபேக்கு அத வாங்கி ஏத்திக் குடுக்குது. நாங்க அத இ.எச்.டி.ம்போம். ஹரிசாண்டல் செத்திருந்தா கோடு என்ன, ஒரு பொட்டு வெளிச்சம்கூட வராது. கோடு தெரியுதுன்னாலே அவன் உசிரோட நின்னு வேலை செய்யிறான்னு அர்த்தம். ஒழுங்கா வேலை செய்யிறவனுக்கு மூணு மாத்தாளு வரவழைச்ச ஒரே மொதலாளி நீதான்.

மொதல்ல பிரைட்னஸக் கொறை. அந்த ஒரு கோட்டுல எலெக்ட்ரான் மொத்தமும் விழுந்துக்கிட்டே இருந்தா கண்ணாடியில இருக்கற பாஸ்பர் அந்த எடத்துல கருகிப்போகும். ஏற்கெனவே அந்த டியூபுல பேக்-மேனோட சந்து பொந்தெல்லாம் வருசக்கணக்கா எரிஞ்சு, அணைச்சு வெச்சாலும் தெரியுதுன்னு சொன்ன. அது போதும், நீ உன் பங்குக்குக் கையெழுத்துப் போட வேணாம்.

அப்புறம் போர்டக் கழட்டிக் குப்புறப் போடு. கழட்டறதுக்கு முன்னாடி செய்யவேண்டியதக் கீழ சொல்றேன். அதப் படிக்காம கைய வெச்சிராத. டியூபு கழுத்துல மாட்டுன சுருள், அதான் யோக், அதோட ஒயர் வந்து செருகுற பிளக்கு இருக்குல்ல, அதோட கால்களப் பூதக்கண்ணாடி வெச்சுப் பாரு. ஈயத்துக்கும் காலுக்கும் நடுவுல மயிரெழ தண்டிக்கு ஒரு வட்டம், மோதிரம் போட்ட கணக்கா, கருப்பாத் தெரியும். லேசா ஆட்டுனா காலு மட்டும் ஆடும், ஈயம் ஆடாது. அதுதான் டிரை சோல்டர். நாப்பது வருசமா சூடாகி, ஆறி, சூடாகி, ஆறி விட்ட வெடிப்பு. பழைய ஈயத்த உறிஞ்சி எடுத்துட்டுப் புது ஈயம் வை. அப்படியே ஃப்ளைபேக்கு காலு, டிரைவர் டிரான்ஸ்பார்மர் காலு, ஹீட் சிங்க்கு பக்கத்துல இருக்கற எல்லாக் காலையும் ஒரு சுத்துத் தொட்டு விட்ரு. கோடு விரியலேன்னா, வெர்டிகல் அவுட்புட்டயும் அதுக்குச் சப்ளை குடுக்குற ரெசிஸ்டரையும் மீட்டர வெச்சுப் பாரு. இதுக்கு ஆகுற செலவு, நீ ஆர்டர் போட்டதுக்கு வந்த பார்சல் கூலியில கால்வாசிகூட வராது. அதான் ஒனக்குப் பிடிக்கல, தெரியும். செலவு கம்மின்னா மரியாதை கம்மின்னு நெனைக்கிற எடத்துல இப்ப இருக்க நீ.

கைய வெக்கிறதுக்கு முன்னாடி. இத மட்டும் கேலியில்லாமச் சொல்றேன், கேட்டுக்க. கரண்ட அணைச்சு, பிளக்கப் புடுங்கி வெச்சாலும் டியூபுக்குள்ள சார்ஜ் நிக்கும். டியூபோட முதுகுல கருப்புப் பூச்சு மேல ஓடுற சடைக் கம்பி இருக்கும் பாரு, அதுல ஒரு ஒயரக் கவ்வவிட்டு, மறுமுனையப் பிளாஸ்டிக் புடி போட்ட நீள ஸ்குரூ டிரைவரோட கம்பியில கட்டு. இன்னொரு கையப் பேண்டு பாக்கெட்டுல விட்டுக்க. ரப்பர் தொப்பி அடியில மெதுவா நுழைச்சு உள்ள இருக்கற கொக்கியத் தொடு. "டப்"புன்னு சத்தம் வரும். வரலேன்னாலும் சந்தோசப்படாத. கொஞ்ச நேரம் விட்டு மறுபடி தொடு, ஏன்னா ஒரு தடவை எறக்குன டியூபுல மிச்சம் மீதி திரும்ப ஊறி வரும். அடுத்தது டியூபு கழுத்து. மெல்லிசுக் கண்ணாடி. பேஸ் போர்ட நேரா இழுக்கணும், அசைச்சு அசைச்சுப் புடுங்குனா "உஸ்"ஸுன்னு ஒரு சத்தம், அத்தோட முடிஞ்சுது. கழுத்துக்குள்ள வெள்ளி பூசுன எடம் பால் கலருக்கு மாறிப்போகும். காத்து பூந்துருச்சுன்னு அர்த்தம். அதுக்குக் கண்டென்சர் கிட்டு கெடையாது.

இன்னும் ஒண்ணு. இந்த ஜி07 லைன் கரண்ட நேரா வாங்கி டயோடுல விட்டுக்கிற சாதி. பெட்டிக்குள்ள மாட்டியிருக்கற வரைக்கும், அதுல இருக்கற டிரான்ஸ்பார்மர் வீட்டுக் கரண்டுக்கும் மானிட்டருக்கும் நேரடித் தொடுப்பு இல்லாமப் பாத்துக்கும். நீ மானிட்டர மட்டும் கழட்டி டேபிள்ல வெச்சுச் சுவத்துல செருகுனா, சேசிஸத் தொடுறவன் கதை கந்தல். ஐசோலேஷன் டிரான்ஸ்பார்மர் ஒண்ணு வாங்கு. "என்கிட்ட வேரியாக் இருக்கு மாமா"ன்னு பெருமையா போட்டோ அனுப்புன. அழகாத்தான் இருக்கு, சாமி ரூம்ல வெய்யி. அதுல இருக்கறது ஒத்தைச் சுருள். வோல்டேஜக் கூட்டும் கொறைக்கும், பிரிச்சு விடாது.

ஃப்யூஸ் போற கேஸா இருந்தா ஃப்யூஸ் எடத்துல நூறு வாட்ஸ் குண்டு பல்பு ஒண்ணச் சீரிஸ்ல போட்டுப் பாக்கறது எங்க வழக்கம். பளிச்சுன்னு எரிஞ்சுக்கிட்டே இருந்தா எங்கயோ ஷார்ட்டு. மின்னி அடங்குனா பொழைச்சுக்கிட்ட. உங்க ஊர்ல 2023-லயிருந்து குண்டு பல்பு விக்கிறதயே அநேகமா நிறுத்திட்டாங்களாமே. எல்.இ.டி. பல்பக் கொண்டாந்து சீரிஸ்ல போட்டுட்டு "மாமா, மினுக்கு மினுக்குங்குது"ன்னு எனக்கு ராத்திரி ரெண்டு மணிக்கு மெசேஜ் போடாத. பழைய சாமான் விக்கிற கடையில பழைய பல்பா ஒண்ணு தேடு. பழசு வாங்கறதுல நீதான் கெட்டிக்காரனாச்சே.

பார்ட்ஸ் கெடைக்கலேன்னு அழுவுறியே, நீ தேடுற லட்சணத்தச் சொல்றேன் கேளு. "பேக்-மேன் மானிட்டர் பார்ட்ஸ்"னு தேடியிருக்க. அப்படி ஒரு சாமான் உலகத்துலயே கெடையாது. பேக்-மேன்ங்கிறது ஆட்டத்தோட பேரு. உங்க இல்லினாய்ஸ்ல ஃபிராங்க்ளின் பார்க்ல இருந்த மிட்வே கம்பெனி, அந்தப் பெட்டியில எலெக்ட்ரோஹோமயும் போட்டிருக்கான், சிகாகோக்காரன் வெல்ஸ்-கார்ட்னரோட கே4600-ஐயும் போட்டிருக்கான். எது கைக்கு வந்துச்சோ அத மாட்டி அனுப்பியிருக்கான். அதனால பெட்டி மேல ஒட்டுன படத்தப் பாத்துப் பார்ட்ஸ் தேடாத. போர்டுல அச்சடிச்ச நம்பரப் பாரு.

நம்பர்லயும் படிக்கிற மொறை இருக்கு. ஜப்பான் டிரான்சிஸ்டர் மேல டி1398-னு அச்சடிச்சிருந்தா முழுப்பேரு 2எஸ்டி1398. எடம் பத்தாம முன்னாடி இருக்கற 2எஸ்ஸ விட்டுட்டான். வெறும் டி1398-னு தேடிட்டுக் கெடைக்கலேன்னா குத்தம் டிரான்சிஸ்டர் மேல இல்ல. நம்மூர் டிவியில கெடந்து பொரண்ட பி.யு.508 தெரியும்ல? அதுல ஏ-ன்னு முடியிறதும் உண்டு, டி-ன்னு முடியிறதும் உண்டு. டி-யில டேம்பர் டயோடு உள்ளேயே இருக்கு, ஏ-யில இல்ல. போர்டுல தனியா டேம்பர் டயோடு இல்லாத எடத்துல ஏ-வக் கொண்டாந்து வெச்சா, ஆன் பண்ணுன கையோட டிரான்சிஸ்டர் அவுட்டு. கடைக்காரன் "ரெண்டும் ஒண்ணுதான் சார்"ம்பான். அவனுக்கு ஒண்ணுதான், வெல ஒண்ணு. டி போட்ட ஜாதிய மீட்டர்ல பாக்கும்போது இன்னொரு வேடிக்கை: உள்ள இருக்கற டயோடும், பேஸுக்கும் எமிட்டருக்கும் நடுவுல இருக்கற ரெசிஸ்டரும் சேந்து நல்ல சாமானையே ஷார்ட்டுன்னு காட்டும். நீ தூக்கிப் போட்ட டிரான்சிஸ்டர்ல எத்தன உசிரோட இருந்துச்சோ, யாரு கண்டா.

சாங்கென் கம்பெனியோட எஸ்.டி.ஆர். ரெகுலேட்டர் வருமே, 30123, 30130-ன்னு, அதுல கடைசி மூணு நம்பருத்தான் சங்கதி. ஒண்ணு 123 வோல்ட்டு, இன்னொண்ணு 130. கிட்டத்தட்டதானேன்னு மாத்திப் போட்டா படம் பெருசாகும், கூடவே இ.எச்.டி.யும் ஏறும். உன் ஜி07-ல அந்தச் சப்ளை, பி-ப்ளஸ்ம்போம், 120 வோல்ட்டு. திருகி வைக்கவும் வழி இருக்கு. படம் ஓரம் வரைக்கும் எட்டலேன்னு அதத் திருகுற கைய நான் நெறையப் பாத்திருக்கேன். அகலத்துக்குன்னு தனியா காயில் வெச்சிருக்கான். அத விட்டுட்டு பி-ப்ளஸ ஏத்துறவன், வாசல் சின்னதா இருக்குன்னு கூரையப் பிரிக்கிறவன்தான்.

கண்டென்சர் விசயத்துல உன்மேல எனக்குக் கோபம் இல்ல, வருத்தம்தான். எலெக்ட்ரோலிட்டிக் கண்டென்சர் காஞ்சுபோகும்ங்கறது வாஸ்தவம். 105 டிகிரி ஜாதியா பாத்து, அதே மைக்ரோ பாரட், வோல்ட்டு பழசுக்கு சமமாவோ மேலயோ போடலாம், கீழ கூடாது. ஆனா கிட்டு வந்த அன்னிக்கே மொத்தத்தையும் ஒரே மூச்சுல மாத்துறது ஒரு வேண்டுதல்னு வெச்சிருக்கிங்க. அதுல ஒண்ணத் தலகீழா வெச்சுட்டா, காலையில ஒரு கோளாறு இருந்த போர்டுல சாயங்காலம் ரெண்டு. மொதல்ல கோளாறக் கண்டுபுடி, சரி பண்ணு, படத்த வரவழை. அப்புறம் ஒவ்வொண்ணாக் கழட்டி, குறியப் பாத்து, மாத்து. அவுட்புட் டிரான்சிஸ்டர் பக்கத்துல 1600 வோல்ட்டு மாதிரி எழுதுன பிளாஸ்டிக் கண்டென்சர் நிக்கும் பாரு, அதுகிட்ட மட்டும் ஒன் வெளையாட்ட வெச்சுக்காத. அதோட அளவு கொறைஞ்சா இ.எச்.டி. கன்னாபின்னான்னு ஏறிரும், எக்ஸ்-ரே வரைக்கும் போற விசயம். அதே மதிப்பு, அதே ஜாதி. கிட்டுல வரலேன்னா பழசே இருக்கட்டும்.

எல்லாத்தையும் வாங்கலாம் மாப்ளே, அந்த டியூபத் தவிர. போர்டு எரிஞ்சா வேற போர்டு, ஃப்ளைபேக்கு வெடிச்சா வேற ஃப்ளைபேக்கு. கலர் டியூபு ஊதுற அடுப்பு மட்டும் எல்லா ஊர்லயும் அணைஞ்சுபோச்சு. இருக்கறதத்தான் கைமாத்திக்கிட்டிருக்கிங்க. ஊர்லயிருந்து டியூபு அனுப்ப முடியுமான்னு கேட்ட. நல்லாக் கேட்ட. இங்க வீட்டுக்கு வீடு பரண் மேல, 2006 தேர்தலுக்கு அப்புறம் கவர்மெண்ட்டு குடுத்த இலவசக் கலர் டிவி கெடக்கு. அத்தனையும் 14 இன்ச்சு. உன் 19 இன்ச்சு சட்டத்துக்குள்ள அத வெச்சா, சுத்தி இருக்கற சந்துல நீயே தலைய நீட்டிப் பேய் வேசம் கட்டி ஆடலாம்.

உங்க ஊருப் பழைய 19 இன்ச்சு டிவியத்தான் தேடணும். கண்ணாடி முதுகுல ஒட்டுன சீட்டுல 19விஎல்யூபி22, 19விஜேடிபி22 இப்படி எழுதியிருக்கும். மொதல்ல வர்ற 19-உம் வி-யும் கண்ணுக்குத் தெரியிற அளவு, கடைசியில வர்ற பி22 கலர் பாஸ்பர். நடுவுல இருக்கற எழுத்துதான் ஜாதகம். நம்மூர்ல அளவ செண்டிமீட்டர்ல போட்டு, முன்னால ஏ-ன்னு ஆரம்பிப்பான். கழுத்துல பின்னு அமைப்பு ஒண்ணா இருக்கணும், ஹீட்டரு வோல்டேஜ் ஒண்ணா இருக்கணும். டிவியோட யோக்கு உன் போர்டுக்கு ஒத்துக்கணும், இல்லேன்னா உன் பழைய யோக்கக் கழட்டிப் புது டியூபுல ஏத்தணும். ஓம்ஸ் மட்டும் பாத்துட்டு சேந்துருச்சுன்னு குதிக்காத, மில்லிஹென்றியையும் அளந்து பாரு. யோக்கக் கழட்டி மாத்துனா அதுக்குப் பின்னாடி இருக்கற காந்த வளையத்தத் திருப்பித் திருப்பி மூணு கலரையும் ஒரே புள்ளியில ஒக்கார வைக்கிற வேலை இருக்கு. அன்னிக்கு வீட்டுல யாரையும் விருந்துக்குக் கூப்புடாத. மங்கலான டியூபா இருந்தா பி அண்ட் கே 467 மாதிரி மெசினு இருக்கு, கேத்தோடு மேல படிஞ்ச பத்த எரிச்சு எடுத்துட்டு வெளிச்சத்த மீட்டுக் குடுக்கும். சில டியூபு மீளும், சிலது அந்த மேசையிலயே கண்ண மூடிரும்.

அடுத்தாப்புல டாங்கி காங் வாங்கப் போறன்னு உங்கம்மா சொல்லுச்சு. நல்லது, சீக்கிரம் வாங்கு, வீடு வெறிச்சோடிக் கெடக்கு. அதுல சான்யோ மானிட்டர் இருக்கும். நிண்டெண்டோக்காரன் போர்டுலயிருந்து வர்ற வீடியோ தலகீழ். வெளிச்சம் இருக்கவேண்டிய எடத்துல இருட்டு, இருட்டுல வெளிச்சம். அந்த சான்யோவுக்கு அதான் சரி. வேற மானிட்டர மாட்டுனா நடுவுல திருப்பிப் போடுற போர்டு ஒண்ணு வேணும். மாட்டிட்டுப் பாத்தா சத்தமும் வராது, ஏன்னா ஆம்ப்ளிஃபையர் அந்த சான்யோவுக்குள்ளதான் குடியிருக்கு. கரண்டும் 120 இல்ல, ஜப்பான் கணக்குக்கு 100. 1981-ல வந்த டெம்பெஸ்ட் பக்கம் மட்டும் தலவெச்சுப் படுக்காத. அது வரி வரியா ஓடுற டிவி ஜாதியே இல்ல, எலெக்ட்ரான் கம்பத்தப் பேனாவாப் புடிச்சு நேராக் கோடு இழுக்குறது. வெல்ஸ்-கார்ட்னரோட 6100-ன்னு மானிட்டரு. அதச் சரி பண்ணவன விட அதுகிட்டத் தோத்தவந்தான் அதிகம்.

"பேசாம எல்.சி.டி. போட்டுட்டா என்ன"ன்னு உன் சம்சாரம் கேட்டுச்சாமே. கெட்டிக்காரப் புள்ள. ஆனா பேக்-மேனோட புள்ளி ஒண்ணுக்கொண்ணு ஒரசி, ஓரம் லேசா வழிஞ்சு நிக்கிறது அந்தக் கண்ணாடியிலதான் வரும். இன்னொரு சங்கதி: மானிட்டர் நல்லா ஓடும்போது வினாடிக்குப் பதினஞ்சாயிரத்து எழுநூறு சொச்சம் தடவ ஹரிசாண்டல் அடிக்கிற "ஙொய்"யின்னு ஒரு ஊசிச் சத்தம் கேக்கும். எனக்கு இப்பக் கேக்கறதில்ல, வயசாச்சு. உன் மக கிட்டக் கூட்டிட்டுப் போயி "கேக்குதா"ன்னு கேளு. அவ காதப் பொத்துனான்னா ஹரிசாண்டலுக்கு நூறாயுசு. மீட்டரே வேணாம்.

யோக் பிளக்குக்கு ஈயம் வெச்சுட்டு, ஐசோலேஷன் போட்டு, ஆன் பண்ணிப் பாரு. கோடு விரிஞ்சுச்சுன்னா அந்த மூணு டிரான்சிஸ்டரையும் ஃப்ளைபேக்கையும் பொங்கலுக்கு வரும்போது கொண்டாந்துரு. சென்னை ரிச்சி தெருவுல ஒருத்தன் இப்பவும் பழைய சாமான் எடுக்கிறான், அவன்கிட்டத் தள்ளிவிட்டு உங்கத்தைக்கு ஒரு சேலை எடுப்போம். விரியலேன்னா போர்டோட அடிப்பக்கத்த நல்ல வெளிச்சத்துல போட்டோ எடுத்து அனுப்பு. வீடியோ கால் மட்டும் வேணாம்யா. நீ மீட்டர் கம்பிய ரெண்டு கையிலயும் புடிச்சுக்கிட்டு நிக்கிறதப் பாத்தா எனக்கு பிரஷர் ஏறுது, உங்கத்தை என்னயத்தான் ஏசுறா.